நாங்கள் காணாத இழைமணி

வெங்காயத் தோலை உரிச்சு, ஒரு சொட்டு அயடீன் விட்டு, வரிசையில நிண்டு ஒவ்வொருத்தராக் குனிஞ்சு பார்த்தது எங்களில் பலருக்கும் ஞாபகமிருக்கும். வன்னியில் ஒரு பள்ளிக்கூடம், முழு வகுப்புக்கும் ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. தெரிந்ததெல்லாம் செங்கல் அடுக்கினது போலக் கலச்சுவர்கள், உள்ளே மண்ணிறப் பொட்டாகக் கரு. அவ்வளவுதான். ஆனால் கொப்பியில் நாங்கள் கீறியது வேறு. உள்மடிப்புகளோடு இழைமணி, அடுக்கடுக்காகக் கொல்கி உடல், புள்ளி புள்ளியாக இறைபோசோம். "புத்தகத்தில இருக்கிற மாதிரியே கீறுங்கோ" என்றார்கள். கீறினோம், சரியும் போட்டார்கள்.

படம் பிழையில்லை. அந்தப் படத்தை அந்த நுணுக்குக்காட்டி ஒருநாளும் காட்டாது என்று யாரும் சொல்லாததுதான் பிழை.

"எத்தனை மடங்கு பெருப்பிக்கும்?" என்றுதான் எல்லாரும் கேட்பம். கேட்க வேண்டியது பிரிவலுவை. அதாவது, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறன். ஒளிக்கு இதில் ஓர் எல்லை உண்டு என்று 1873இல் ஏர்ண்ஸ்ட் அபே விளக்கினார். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டிக்கு அது ஏறத்தாழ 200 நனோமீற்றர். அதற்கு மேல் பெருப்பித்தால், போனில் படத்தை இழுக்கிற மாதிரி, மங்கல்தான் பெரிசாகும்.

இழைமணி என்ற பெயரே இதற்குச் சாட்சி. 1898இல் கார்ல் பெண்டா கிரேக்கத்தில் இழை, மணி என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்துத்தான் மைற்றோகொண்டிரியா என்று பெயர் வைத்தார். ஒளியில் அவருக்கு இழையும் மணியுமாகத்தான் தெரிந்தது. உள்மடிப்புகள் தெரிய 1950கள் வரை, இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஜோர்ஜ் பலாடே போன்றவர்கள் பார்க்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கருவிக்கும் ஒரு விலை உண்டு. கலத்தைக் கொன்று, மிக மெல்லியதாகச் சீவி, பார உலோகச் சாயம் ஏற்றி, வெற்றிடத்துக்குள் வைக்க வேணும். வருகிற படம் கறுப்பு வெள்ளை. புத்தகத்தில் இருக்கும் நிறங்கள் பிறகு பூசியவை. உயிரோடு அசைகிற கலத்தைப் பார்க்க ஒளிர்வு நுணுக்குக்காட்டி உதவும். ஜெலிமீனில் கண்டெடுத்த பச்சை ஒளிர்வுப் புரதம் 2008இல் நோபல் பரிசு பெற்றது. அபே சொன்ன எல்லையைத் தாண்டிய ஒளிர்வு முறைகள் 2014இல் பெற்றன. ஆனால் அங்கே அடையாளமிட்டது மட்டும்தான் மினுங்கும். மற்றதெல்லாம் இருட்டு.

அப்ப எது சிறந்தது? வன்னியில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல மலேரியாவை நினைத்தால் போதும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், கண்ணாடித் துண்டில் ஒரு பூச்சு, கிம்சா சாயம், 1000 மடங்கு ஒளி நுணுக்குக்காட்டி. செங்குருதிக் கலத்துக்குள் இருக்கும் ஒட்டுண்ணி எந்த இனம் என்று பயிற்சி பெற்ற கண் சொல்லிவிடும். இனம் தெரிந்தால்தான் சரியான மருந்து. இலங்கையில் உள்நாட்டு மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அந்த வெற்றியில், நாங்கள் "பழைய சாமான்" என்று நினைக்கிற கருவிக்கும் அதில் கண் வைத்துக் குனிந்திருந்தவர்களுக்கும் பெரிய பங்குண்டு.

ஆகவே எந்தக் கருவி உசத்தி என்பதல்ல எங்கள் வாதம். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி, அது எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதையும் சேர்த்துப் படிப்பிக்க வேணும். பாடநூலின் ஒவ்வொரு கலப் படத்துக்குக் கீழும் எந்த நுணுக்குக்காட்டியால் கண்டது என்று ஒரு வரி போடலாம். செய்முறைக் கொப்பியில் கண்டதை மட்டும் கீறின பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். இரண்டுக்கும் பெரிய காசு தேவையில்லை.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீங்கள். கண்டது எது, கேட்டது எது என்று பிரிச்சுச் சொல்வது எங்கட ஊர்களில் சின்ன விசயமில்லை. அந்தப் பழக்கத்தை வெங்காயத் தோலிலிருந்தே தொடங்கியிருக்கலாம் என்றுதான் சொல்லுறம்.