பாங்கு சொல்லிவிட்டால் போதுமா?

குழந்தை பிறந்த செய்தி கிட்டியதும் நம் வீடுகளில் தந்தையானவர் செய்யும் காரியங்கள் மூன்று. மிட்டாய்ப் பெட்டி ஒன்று வாங்குவார். பெண் வீட்டுக்குச் சென்று குழந்தையின் காதில் பாங்கு சொல்வார். அல்லது நம்மைப் போன்ற ஒருவரை அழைத்துச் சொல்லச் செய்துவிட்டுத் தாம் வாசலில் நிற்பார். பிறகு நாற்பதாம் நாள் வரை விருந்தாளியாய் வந்து விருந்தாளியாய்ப் போவார். இவ்வளவில் தம் கடமை தீர்ந்ததென அவரும் கருதுகிறார்; சுற்றத்தாரும் கருதுகின்றனர். "பிள்ளைப்பேறு பெண்டிர் காரியம், ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்பது நம் பெரியவர்கள் வாயில் வழங்கும் பேச்சு. இப்பேச்சு ஊர் வழக்கத்தில் பிறந்தது, மார்க்கத்தில் பிறந்ததன்று. இதனை மார்க்கத்தின்மீது ஏற்றிச் சொல்வோரோடுதான் நமக்குப் பிணக்கு.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டும் காலத்தைப் பற்றிப் பேசுகிறது. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பது அதன் விதி. தந்தையைக் குறிக்க 'வாலித்' என்னும் எளிய சொல் இருக்க, அங்கே 'மவ்லூது லஹு' என்னும் தொடர் ஆளப்பட்டிருக்கிறது. எவருக்காகக் குழந்தை பெறப்பட்டதோ அவர் என்பது அதன் பொருள். பெற்றவள் அவருக்காகவே பெற்றாள், ஆகவே சுமையும் அவருடையதே என்று ஸமக்‌ஷரீ இச்சொல்லாட்சிக்குக் காரணம் காட்டுவார். அதே வசனம், பால்குடி மறக்கச் செய்வதாயினும் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து இருவரும் மனமொப்பியே செய்ய வேண்டும் என்கிறது. மாதமொருமுறை எட்டிப் பார்ப்பவர் எதைக் கொண்டு ஆலோசிப்பார்?

இனி நம் ஊர் நடப்பைப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் தாய்வீடு செல்கிறாள். செல்வதில் தவறில்லை. அந்த நேரத்தில் உம்மாவின் மடிக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஆனால் அவளோடு செலவும் சேர்ந்து போய்விடுகிறதே, அது எந்தக் கிதாபில் உள்ளது? மருத்துவமனைக் கட்டணம், அறுவை சிகிச்சையானால் அதன் கட்டணம், மருந்து, பத்தியச் சோறு, நாற்பது நாள் விருந்தினர் வரவு, போதாக்குறைக்குக் குழந்தைக்குச் சங்கிலியும் அரைஞாணும் தொட்டிலும் எல்லாம் பெண்ணைப் பெற்றவர் தலையில். கைக்கூலி வாங்காத மாப்பிள்ளை என்று நிக்காஹ் மேடையில் பாராட்டப் பெற்றவரும் இந்த வேளையில் கையைச் சட்டைப்பைக்குள் விடுவதில்லை. ஒரே தவணையில் வாங்காததைப் பிரசவத்துக்குப் பிரசவம் வாங்குவதற்கு வேறு பெயர் நாம் அறியோம்.

பணத்தை ஒரு பக்கம் வைப்போம். குழந்தையைக் கையில் ஏந்துவதற்கே நம்மவர் சிலர் தயங்குகின்றனர். கேட்டால், "துணி நஜீஸாகிவிடும், தொழ வேண்டுமே" என்பர். தொழுகையில் இத்துணைப் பேணுதல் உள்ளவர்கள் ஹதீஸ்களையும் சற்றுப் பேணியிருக்கலாம். உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவுண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். நாயகம் மடியில் இருத்திக் கொண்டார்கள். குழந்தை சிறுநீர் கழித்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தெளித்துக் கொண்டார்கள், அவ்வளவே. பால் மட்டுமே அருந்தும் ஆண் குழந்தையாயின் நீர் தெளித்தல் போதும் என்னும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் இதனின்றே பெறப்பட்டது. கழுவ வேண்டும் என்பது ஹனஃபிகளின் கொள்கை. கழுவிவிட்டுத் தொழ எத்தனை நிமிடம் ஆகும்? தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுவித்து, ஸுஜூதின்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக் கொண்ட நாயகத்தின் உம்மத்துதான் நாம்.

நிஃபாஸைக் காரணம் காட்டி மனைவியின் அறைப்பக்கமே செல்லாதிருப்போரும் உளர். அந்நாட்களில் விலக்கப்பட்டவை தொழுகை, நோன்பு, தாம்பத்தியம் போன்ற சிலவே. அருகில் அமர்வதும், உடன் உண்பதும், தலைவலிக்குத் தைலம் தேய்த்து விடுவதும் எந்த மத்ஹபிலும் விலக்கப்படவில்லை. பிரசவித்தவளுக்கு ஆபத்து மிகுந்த காலமே அதுதான். இரத்தப்போக்கு பெருகினாலோ, காய்ச்சல் கண்டாலோ, காரணமின்றி அழுதுகொண்டே இருந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். "விடியட்டும் பார்க்கலாம்" என்று வீட்டுப் பெண்கள் தயங்கும் நடுநிசியில் வண்டி பிடித்து வர உரிமையோடு ஓர் ஆள் வேண்டாமா? பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தையின் மேனி மஞ்சளானாலும், பின்னர் அம்மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் இதே அவசரந்தான். முதல் வாரத்தில் குழந்தையின் எடை சற்றே குறைந்து மீள்வது இயல்பு. இவற்றையெல்லாம் தெரிந்து கொள்ளும் கடமை மாமியாருக்கு மட்டும் உரியதன்று.

சேனை வைக்கும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். சீனித் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால் என ஆளுக்கொன்று எடுத்துக் கொண்டு உறவினர் வரிசையாய் வருகின்றனர். சீம்பாலைப் பீய்ச்சி வெளியே கொட்டுவோரும் இருக்கின்றனர். பிறந்த ஒரு மணி நேரத்துள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அதுவன்றி வேறெதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் உயிராபத்தை விளைக்கும் நஞ்சாகலாம் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். தேனில் நிவாரணம் உண்டென்று குர்ஆன் கூறுகிறதே என்பார்க்கு நம் விடை: நோயுற்றவர்க்கு நிவாரணம் என்பதால் முதல் நாள் குழந்தைக்கும் ஊட்டு என்று பொருளாகாது. தஹ்னீக் பேரீத்தம் பழத்தால் செய்யப் பெற்றது. விரும்புவோர் மருத்துவரைக் கேட்டே செய்க. வாசலில் நின்று, "மாமி, மன்னித்துக் கொள்ளுங்கள், பிள்ளைக்குப் பால் மட்டும் போதும்" என்று சொல்ல வேண்டியவர் யார்? படுத்திருக்கும் பெண்ணால் இயலாது. வாப்பாவால் இயலும்; அங்கே இருந்தால்.

தந்தையின் மார்பே மருந்தாகும் என்பதையும் இக்கால மருத்துவம் கண்டிருக்கிறது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் கருவிகள் போதாமையால், எட்கர் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது உலகெங்கும் பரவியுள்ளது. தாய் களைத்த வேளையில் தந்தையும் அவ்வாறே குழந்தையைச் சுமக்கலாம்.

அகீகாவுக்கு வருவோம். அங்கே மட்டும் தந்தையர் முன்னே நிற்கின்றனர். பந்தலும் பிரியாணித் தேக்சாவும் இருக்கின்றனவல்லவா! குழந்தையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவரே தம் பொருளிலிருந்து கொடுக்க வேண்டும், வசதியற்றவர்மீது அது சுமத்தப்படுவதில்லை என்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபிகளிடம் அது கட்டாயமே அன்று. மாமனார் கடன்பட்டு ஆடு வாங்கித் தர வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. மழித்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வதற்கு ஆகும் தொகையோ மிகச் சிறிது. சில கிராம் முடிதானே! செலவில்லாத அந்த ஸுன்னத்தை மறந்து, ஊரழைக்கும் விருந்தை மட்டும் நாம் பிடித்துக் கொண்டோம்.

பிறந்தது பெண் என்றால் அந்த விருந்தும் சுருங்கிவிடுகிறது. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகும் மனிதனைக் குர்ஆன் கண்டித்துரைக்கிறது. 1350இல் மறைந்த இப்னுல் கையிம், பிறந்த குழந்தை பற்றிய சட்டங்களுக்கென்றே 'துஹ்ஃபதுல் மவ்தூத்' என்று தனி நூல் யாத்தார். அதன் தொடக்கத்திலேயே பெண் மகவை வெறுப்பதைக் கண்டித்து ஓர் அதிகாரம் வைத்தார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகியும் அந்த அதிகாரத்துக்கு நம்மிடையே வேலை இருக்கிறது.

வளைகுடாவில் உழைத்து, குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் மட்டும் கண்டு ஏங்கும் சகோதரர்களை நாம் இங்கே சாடவில்லை. அவர்கள் செலவை அனுப்பட்டும், நாள்தோறும் விசாரிக்கட்டும். உள்ளூரில் இருந்துகொண்டே தூரமாயிருப்பவர்களைத்தான் கேட்கிறோம். மத்திய அரசின் ஆண் ஊழியர்க்கு, இரண்டு குழந்தைகள் வரை, 15 நாள் தந்தைமை விடுப்பு 1997 முதல் உண்டு. அதை வீடு மராமத்துக்குப் பயன்படுத்த வேண்டா. கடை முதலாளிகளாய் இருக்கும் நம் தனவந்தர்களும், சிப்பந்தி ஒருவருக்குக் குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு பத்து நாள் அனுப்பி வைக்கலாமே!

மாமனார் வீட்டில் பத்து நாள் தங்கினால் மாப்பிள்ளையின் மரியாதை குறையும் என்பர் சிலர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளைமார் பெண் வீட்டிலேயே வாழும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு; யார் மரியாதை குறைந்தது? வெறுங்கையோடு தங்கக் கூச்சமாயின், அரிசி மூட்டை ஒன்றும் மருந்துச் சீட்டுக்குரிய பணமும் கொண்டு செல்லட்டும். அதற்கும் மனமில்லையேல், மனைவியைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்து, தம் உம்மாவோடு தாமும் முறைவைத்து இராக் கண் விழிக்கட்டும்.