மறுக்காவிட்டால் ஏற்றதாகுமா?

முதலாண்டுப் புள்ளியியல் தாள்களில் நம்மவர் பலர் எழுதும் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: "இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது." ஏற்கப்படவில்லை நண்பர்களே, மறுக்கப் போதிய சான்று கிட்டவில்லை, அவ்வளவுதான்.

மாணவர்கள் வாரம் சராசரியாக 5 மணி நேரம் தமிழ் வாசிக்கிறார்கள் என்பது கருதுகோள் என்போம். (உண்மையானால் மகிழ்ச்சியே!) குலுக்கலில் எடுத்த 25 பேரின் சராசரி 4.2, திட்ட விலக்கம் 2.5. டி மதிப்பு -1.6. ஐந்து விழுக்காட்டு நிலையில் எல்லை 2.064, மறுக்க இயலாது. ஆனால் 3.5 மணி என்று கருதியிருந்தாலும் மறுத்திருக்க இயலாது. இரண்டையுமா ஏற்பது? இதே விடைகள் 100 பேரிடம் கிடைத்திருந்தால் டி -3.2, ஐந்து மணிக் கருதுகோள் விழுந்திருக்கும்.

கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் தந்த முறை இது. சிறிய மாதிரிக்கு உதவும். இல்லாத சான்றை உண்டாக்காது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் துணைப்பாட வகுப்பை, 12 பேரின் மதிப்பெண்ணைச் சோதித்து "பயனில்லை" என்று மூடுவதை என்னால் ஏற்க முடியாது. அறிக்கையில் நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள். அதைப் பார்த்தபின் செயற்குழு முடிவெடுக்கட்டும்.