அறியப்படாதவை, யாருக்கு?

தில்லிக்கு வரும் நம் எழுத்தாள நண்பர்களிடம் புதிதாக ஒரு ரசனை கிளம்பியிருக்கிறது. செங்கோட்டை, குதுப்மினார் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ‘கூட்டம் போகாத இடமாகச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். அழைத்துப் போகிறேன். ஊர் திரும்பியதும் இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வருகிறது: பாழடைந்த மண்டபம், உறைந்த காலம், மௌனம், ஒற்றைப் புறா. முப்பது வருஷமாகத் தில்லியில் குடியிருப்பவன் என்ற முறையில் இந்தப் புறாவைப் பற்றி எனக்குச் சில ஆட்சேபங்கள் உண்டு.

‘அதிகம் அறியப்படாத’ என்கிற அடைமொழியை ஏதோ அந்த இடத்தின் சொந்த குணம் போல உபயோகிக்கிறார்கள். எந்த இடமும் தானாக மறைந்து போவதில்லை. ஒருவர் அதை ஒதுக்கியிருப்பார், ஒருவருக்கு அது சௌகரியமில்லாமல் போயிருக்கும், ஒருவர் அதைப் பார்க்கக் கூசியிருப்பார். இந்தக் காரணங்களை விசாரிக்காமல் மௌனத்தை மட்டும் ரசித்துவிட்டு வருவது சோம்பேறித்தனம். அதற்கு அழகியல் என்று பெயர் வைப்பது ஜம்பம்.

வடக்கு தில்லியில் இருக்கும் கொரனேஷன் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1877, 1903, 1911 ஆகிய மூன்று தர்பார்களும் நடந்த மைதானம் அது. கல்கத்தாவிலிருந்து தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று 12 டிசம்பர் 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்ததும் அங்கேதான். 1960களில், இந்தியா கேட் அருகே மண்டபத்துக்குள் நின்ற அவருடைய சிலையைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து சில வைஸ்ராய்களுடன் நிறுத்திவைத்தார்கள். சாம்ராஜ்யங்கள் சரியும் என்கிற தத்துவம் நம்மவர்களுக்கு அந்த இடத்தில் உடனே சுரந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பையனும் எழுதிவிடக்கூடிய தத்துவம். ஆனால் 1 ஜனவரி 1877 அன்று இதே மைதானத்தில் லிட்டன் பிரபு விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து விருந்து நடத்தியபோது, சென்னை ராஜதானி தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. 1876லிருந்து 1878 வரை தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. ‘தாது வருஷம்’ என்ற சொல்லை நம் பாட்டிகள் எந்தத் தொனியில் உச்சரித்தார்கள் என்பது நமக்கு மறந்திருக்க நியாயமில்லை. நான் படித்த நம்மவர் கட்டுரை எதிலும் அந்த மைதானமும் அந்தப் பஞ்சமும் ஒரே வாக்கியத்தில் வந்ததில்லை. புறா மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

பக்கத்திலேயே கிங்ஸ்வே காம்ப். தர்பார் நாட்களின் மிச்சமாக ஒட்டிக்கொண்ட பெயர். ராஜாக்களின் கூடாரங்கள் போனபின், 1947ல் பஞ்சாபிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் இங்கே கூடாரங்களில் கிடந்தார்கள். மெட்ரோ ஸ்டேஷனுக்கு இன்று குரு தேக் பகதூர் நகர் என்று பெயர்; ஆனாலும் ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான். வாரக் கடைசியில் காசு கொடுத்துத் தம்தமா ஏரிக்கரையில் கூடாரத்தில் படுத்துவிட்டு வந்து இயற்கையைப் பற்றிக் கவிதை எழுதும் நண்பர்களுக்கு, கூடாரம் என்ற சொல்லுக்குத் தில்லியில் இப்படி ஒரு வம்சாவளி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

மியூசியம் என்றால், பாலம் பக்கம் மகாவீர் என்கிளேவில் கழிப்பறை மியூசியம் ஒன்று இருக்கிறது. சுலப் இயக்கத்தின் பிந்தேஷ்வர் பாடக் 1992ல் தொடங்கியது. இடிந்த கல்லறைக்குப் பத்து மைல் நடக்கத் தயாராக இருக்கும் நண்பர்கள் இதைச் சொன்னதும் சிரிக்கிறார்கள். மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993ல் ஒரு சட்டம், போதாமல் 2013ல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் சாக்கடைக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறவர்கள் இந்தத் தலைநகரத்திலேயே உண்டு. இந்த மியூசியம் நம்மவர்களுக்கு ‘அறியப்படாமல்’ போனதற்குத் தூரம் காரணமில்லை. ஜாதியின் மூக்குதான் காரணம்.

ஓர் இடம் வெளியே தெரியாமல் இருந்தால்தான் பிழைக்கும், அதை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்பார்கள். குர்காவுன்–ஃபரீதாபாத் நடுவே அரவல்லிக் குன்றில் மாங்கர் பனி என்கிற தௌ மரக்காடு இருக்கிறது. சுற்றுக் கிராமத்துக் குஜ்ஜர்கள் குதரியா பாபாவின் பெயரால் அதில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிப்பதில்லை. அந்தக் காடு பிழைத்திருப்பது அவர்கள் அதை நன்றாக அறிந்திருப்பதால். இதற்கு எதிர்ப்பக்கம் மெஹ்ரோலியில் நடந்தது. 1922ல் வெளியான தொல்லியல் துறைப் பட்டியலில் இடம் பெற்றிருந்த அகூந்த்ஜி மசூதி 30 ஜனவரி 2024 விடிகாலையில் இடிக்கப்பட்டது. அது நின்ற சஞ்சய் வனத்தின் ஏகாந்தத்தை மெச்சியவர்கள் நமக்குள் பலர். அங்கே ஒரு மசூதி இருந்ததே அது போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் ஒரு சிறுபத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. அதே அடைமொழியை நாம் நமக்கும் சூட்டிக்கொண்டிருக்கிறோம். முந்நூறு பிரதி என்பதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொள்கிறோம். ஒரு கவிஞனை யாரும் படிக்கவில்லை என்பதே அவனுக்கு நாம் தரும் முதல் பாராட்டாகிவிட்டது. ஏன் படிக்கவில்லை, யாரால் ஒதுக்கப்பட்டான், அவன் எழுத்தில் என்ன இருக்கிறது என்கிற விமர்சன வேலை அதற்குப் பின் யாருக்கும் அவசியப்படுவதில்லை. காலிப் பூங்காவில் கிடைக்கும் சுகம்தான் இதிலும் கிடைக்கிறது: நான் மட்டும் வந்திருக்கிறேன் என்கிற சுகம்.

அடுத்து வரும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே யார் பெருக்குகிறார்கள், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், எதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது முடியாதென்றால் குதுப்மினாருக்கே போய் வரிசையில் நில்லுங்கள். அந்தக் கூட்டம் மினாரைப் பார்க்கத்தான் வருகிறது.