ஒரே கட்டளையில் 500 திருத்தங்கள்



500 குடும்பங்களின் பெயர், முகவரி, சந்தா விவரங்கள் கணினியில் உங்கள் பொறுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 வீடுகள் உள்ள ஒரு தெருவுக்குப் பெயர் மாறுகிறது. முன்பெனில் ஏட்டைப் புரட்டி ஒவ்வொன்றாகத் திருத்தியிருப்போம். இன்றோ 'ஏஜெண்ட்' எனப்படும் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் சொன்னாற்போதும். 2024 நவம்பரில் அறிமுகமான எம்.சி.பி. போன்ற நெறிமுறைகளின் வழியே அது பதிவேட்டைத் திறந்து, அனைத்தையும் ஒருசேர மாற்றிவிடும்.

ஆனால், எந்தப் பதிவுகளை மாற்றுவது என்னும் நிபந்தனை கட்டளையில் விடுபட்டால், 500 குடும்பங்களும் அந்த ஒரே தெருவுக்குக் குடிபெயர்ந்துவிடும்!

ஆகவே, முதலில் பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அடுத்து, எத்தனை பதிவுகள் மாறும் என்பதை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். 40-க்குப் பதில் 500 என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவதாக, 'டிரான்சாக்ஷன்' முறையில் செய்யச் சொல்லுங்கள். அம்முறையில் எல்லாம் மாறும், அல்லது எதுவுமே மாறாது. இடையில் மின்சாரம் நின்றாலும் பாதித் திருத்தத்தோடு பதிவேடு கிடக்காது.

பிறருடைய விவரங்கள் நம்மிடம் உள்ள அமானிதம். முகவர் எழுதட்டும், கையொப்பமிடுமுன் படித்துப் பார்ப்பது நம் கடமை.