ஒயில் மாற்றுமுன்

உங்கள் நகையை விற்று வாங்கிய பிக்கப்பாகவும் இருக்கலாம். அதன் பின் டிபரன்ஷல் எவ்வகையென்று அறியாமல் ஒயில் மாற்ற இடமளிக்காதீர்கள்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேன்ட் பிரேக்கைத் தளர்த்தி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றது எதிர்ப்புறம் சுழன்றால் பொதுவாகச் சாதாரண வகை. அதே புறம் சுழன்றால் ‘லிமிடட் ஸ்லிப்’. இதில் பெரும்பாலும் உராய்வுத் தகடுகள் இருக்கும். அதற்குரிய ஒயில் இல்லாவிட்டால் வளைவுகளில் வண்டி அதிரும், தகடுகளும் கெடும். “எல்லா ஒயிலும் ஒன்றுதான்” என்னும் கராஜ்காரருக்கு, வாகனம் அவரிடம் அமானத் என்பதை நினைவூட்டுங்கள்.

தகடுகள் தேய்ந்த பழைய வண்டியில் இச்சோதனையும் ஏமாற்றும். ஆகவே அச்சிலுள்ள லேபலையும் கைநூலையும் பார்த்த பின்னரே, அதுவும் மேல் மூடி கழன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, பழைய ஒயிலை இறக்கச் சொல்லுங்கள்.