லெக் பிரஸ்ல 200 கிலோ... ஸ்குவாட்ல 60 கிலோ... உங்க காலோட உண்மையான பலம் எது?

"ப்ரோ, லெக் பிரஸ்ல எவ்ளோ போடுற?"

ஜிம்முக்குப் போகிற யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "200 போடுறேன் ப்ரோ" என்று சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமிதம் வந்துவிடும். அதே ஆளிடம் "ஸ்குவாட்?" என்று கேட்டால், "அது... முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு, இப்போதைக்குப் பண்றதில்ல" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பும். மூன்று வருடத்துக்கு முன்பு அந்த ஆள் நான்தான்.

2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிகானேரில் ஒரு துயரம் நடந்தது. 17 வயது பவர்லிஃப்டிங் வீராங்கனை யஷ்டிகா ஆச்சார்யா, 270 கிலோ எடையுடன் ஸ்குவாட் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது பார் கழுத்தில் விழுந்து உயிரிழந்தார். அந்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. அதற்கு முன்பு 2023 ஜூலையில், இந்தோனேசியாவின் பாலியில் ஜஸ்டின் விக்கி என்ற 33 வயது பயிற்சியாளர் 210 கிலோ ஸ்குவாட்டில் இதேபோல் இறந்துபோனார். பிகானேர் வீடியோ வந்த வாரத்தில் நான் போகும் ஜிம்மில் ஸ்குவாட் ரேக் பக்கம் ஆளே இல்லை. டவல் காயப்போடும் கம்பியாக மாறிவிட்டது. "அதான் மெஷின் இருக்கே, எதுக்கு ரிஸ்க்கு?" என்றார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், பயத்தில் எடுக்கிற முடிவும் ரீல்ஸ் பார்த்து எடுக்கிற முடிவும் ஒன்றுதான். இரண்டிலும் நாம் யோசிப்பதில்லை. கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

அந்த 200 கிலோ, உண்மையிலேயே 200 கிலோவா?

பெரும்பாலான ஜிம்களில் இருப்பது 45 டிகிரி சாய்வு லெக் பிரஸ். எடையை நேராக மேலே தூக்குவதில்லை, சரிவில் தள்ளுகிறோம். வண்டியை மேட்டில் தள்ளுவதுபோல. பள்ளிக்கூட இயற்பியலை ஞாபகப்படுத்திக்கொண்டால், 45 டிகிரிக்கு சைன் மதிப்பு 0.7. அதாவது, 200 கிலோ தட்டு மாட்டினால் கால் உணர்வது ஏறக்குறைய 140 கிலோதான். தட்டுகளைத் தாங்கும் ஸ்லெட்டின் எடை தனி, அது மெஷினுக்கு மெஷின் மாறும். தண்டவாளத்தின் உராய்வும் அப்படித்தான். எண்ணெய் போட்டு எத்தனை மாதம் ஆச்சு என்று உங்கள் ஜிம் ஓனரைத்தான் கேட்க வேண்டும். இதனால்தான் ஒரு ஜிம்மில் 200 தள்ளுபவர், வேறு ஜிம்முக்குப் போனதும் 160-க்கே திணறுகிறார்.

இப்போது ஸ்குவாட். வெறும் பார் 20 கிலோ. இரண்டு பக்கமும் ஒரு 20 கிலோ தட்டு மாட்டினால் 60 கிலோ. ஆனால், கால் தூக்குவது 60 கிலோ மட்டும் அல்ல. உங்கள் உடம்பையும் சேர்த்துத்தான் தூக்குகிறது. 68 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியைக் கழித்தால் சுமார் 60 கிலோ உடம்பு மேலே போய் வருகிறது. ஆக மொத்தம் 120 கிலோ. லெக் பிரஸ்ஸில் சீட்டில் சாய்ந்து படுத்துவிடுவதால் உங்கள் உடல் எடை கணக்கிலேயே வராது.

இப்போ பாருங்க... பெருமையாகச் சொன்ன 200-க்கும், வெட்கப்பட்டு மறைத்த 60-க்கும் இடையில் அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை.

இதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ரானி கோல்மன். 8 முறை மிஸ்டர் ஒலிம்பியா. தன் பயிற்சி வீடியோக்களில் அவர் லெக் பிரஸ் செய்த எடை 2,300 பவுண்ட், அதாவது ஆயிரம் கிலோவுக்கும் மேல். ஸ்குவாட் செய்தது 800 பவுண்ட், சுமார் 363 கிலோ. அதே மனிதர், அதே கால்கள். நம்பரைப் பார்த்தால் மூன்று மடங்கு வித்தியாசம். சரிவு, உடல் எடை, எவ்வளவு ஆழம் இறக்குகிறோம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் லெக் பிரஸ் நம்பரை யாரிடமும் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அந்த மூன்றாவது விஷயம் முக்கியம். ஆழம். லெக் பிரஸ்ஸில் தட்டு கூடக் கூட, முழங்கால் மடங்குவது குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு சாண் இறக்கி ஒரு சாண் ஏற்றுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட நாமம் அது. ஒருநாள் புதிதாக வந்த டிரெய்னர், "அண்ணா, பாதி தட்டைக் கழட்டிட்டு, தொடை வயித்துக்கிட்ட வர்ற வரைக்கும் இறக்குங்க" என்றார். 100 கிலோவில் எட்டாவது முறை தள்ளுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது.

மெஷின் உங்களிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது?

நம் தாத்தா காலத்து உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும்தான் பிரதானம். பஸ்கி என்பது வேறொன்றும் இல்லை, எடை இல்லாத ஸ்குவாட். பிள்ளையார் கோயிலில் போடும் தோப்புக்கரணமும் அதே குடும்பம்தான். உட்கார்ந்து எழுவதில் கால் மட்டும் வேலை செய்வதில்லை. இடுப்பு, வயிறு, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள தசைகள், கணுக்கால் எல்லாம் சேர்ந்து 'கீழே விழாமல் இரு' என்று உடம்பைப் பிடித்துவைக்கின்றன.

லெக் பிரஸ் இந்த வேலையை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. முதுகுக்கு சாய்மானம், எடைக்கு தண்டவாளம். கால் தள்ளினால் போதும். ஸ்மித் மெஷின் பாதியை வாங்கிக்கொள்கிறது. நிற்பது நீங்கள்தான், ஆனால் பார் முன்னேயோ பின்னேயோ போக முடியாது. ஹேக் ஸ்குவாட் மெஷின் இரண்டுக்கும் நடுவில். முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டு, தோளில் எடையோடு சரிவில் உட்கார்ந்து எழுகிறோம். முன்தொடை எரிய வேண்டும் என்றால் ஹேக் ஸ்குவாட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மெஷின் வேலையைக் குறைத்துவிட்டால் தசை வளராதா? வளரும். இங்கேதான் 'ஸ்குவாட் பண்ணாதவன் ஆம்பளையே இல்ல' டைப் ரீல்ஸ்கள் தப்புப் பண்ணுகின்றன. ஃப்ரீ வெயிட்டையும் மெஷினையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் ஓர் அலசல் வெளியானது. தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்பதே அதன் முடிவு. ஆனால் பலம் என்று வரும்போது, எதில் பழகுகிறீர்களோ அதில்தான் அதிகம் தேறுகிறீர்கள். லெக் பிரஸ் செய்பவருக்கு லெக் பிரஸ் நம்பர் ஏறும். ஸ்குவாட் செய்பவருக்கு ஸ்குவாட் ஏறும். எம்பிக் குதிக்கும் திறனை அளந்த ஆய்வுகளில் ஸ்குவாட் குழு முன்னே நிற்பதும் இதனால்தான். குதிப்பதும் நின்றுகொண்டே செய்கிற வேலை ஆயிற்றே! கபடியோ, வாலிபாலோ, டர்ஃப் ஃபுட்பாலோ விளையாடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இரண்டு தரப்புமே பேசாதது. ஜப்பானில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆழமாக உட்கார்ந்து ஸ்குவாட் செய்தவர்களுக்குப் புட்டத் தசையும் உள்தொடையும் அரைகுறை ஸ்குவாட் செய்தவர்களைவிட நன்றாக வளர்ந்தன. ஆனால் பின்தொடை? இரண்டு குழுவுக்கும் வளரவில்லை. லெக் பிரஸ்ஸிலும் பின்தொடைக்குப் பெரிய வேலை கிடையாது. 'லெக் டே முடிச்சிட்டேன்' என்று முன்தொடையை மட்டும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம் பாதிப் பேர். அதற்கு லெக் கர்ல் அல்லது ரொமேனியன் டெட்லிஃப்ட் தனியாகத் தேவை.

எது பாதுகாப்பு?

ஸ்குவாட்டில் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. எடை தலைக்குப் பின்னால் இருக்கிறது, தடுமாறினால் தப்பிக்க இடம் வேண்டும். அதனால்தான் பவர் ரேக்கில் இரண்டு பக்கமும் சேஃப்டி பார் வைக்கிறார்கள். நீங்கள் முழு ஆழத்துக்கு உட்காரும்போது பார் எங்கே வருகிறதோ, அதற்கு இரண்டு விரல் கீழே அதைப் பொருத்த வேண்டும். எழ முடியாவிட்டால் அப்படியே உட்கார்ந்துவிடலாம், எடை கம்பியில் நின்றுவிடும். ரேக்கைச் சரிபார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. நான் பார்த்தவரை, வெறும் பார் தூக்குகிறவர் அதைப் பொருத்துகிறார். 120 கிலோ தூக்குகிறவர்தான் "தேவையில்ல ப்ரோ" என்கிறார்.

லெக் பிரஸ்ஸின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது, அதனால் பயமும் இல்லை. மேலே தள்ளி முடித்ததும் முழங்காலை 'டக்'கென்று நேராக்கிப் பூட்டிவிடுவது மிக மோசமான பழக்கம். அந்த நொடியில் மொத்த எடையும் தசையிலிருந்து மூட்டுக்கு மாறுகிறது. கால் பின்பக்கமாக வளைந்துபோன விபத்துகள் நடந்திருக்கின்றன. முட்டியை லேசாக மடக்கிய நிலையிலேயே நிறுத்துங்கள். அடுத்தது, எடையை இறக்கும்போது இடுப்பு சீட்டை விட்டுச் சுருண்டு மேலே வருவது. அப்போது கீழ்முதுகின் டிஸ்க்கில் அழுத்தம் ஏறுகிறது. 'முதுகுக்குப் பாதுகாப்பு' என்று லெக் பிரஸ்ஸுக்கு வந்தவர் முதுகு வலியோடு போவது இப்படித்தான். என் கதையும் இதுதான். நான் பழி போட்டது என்னவோ ஸ்குவாட் மேல்.

மூச்சு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1985-ல் கனடா ஆய்வாளர்கள், அனுபவமுள்ள 5 பாடிபில்டர்களின் கை ரத்தக்குழாயில் நேரடியாகக் கருவி பொருத்தி, பயிற்சியின்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். உச்சத்துக்குப் போனது எப்போது தெரியுமா? இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்தபோது. சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. நமக்கெல்லாம் 120/80 நார்மல்! எடையை இறக்கியதும் அழுத்தமும் இறங்கிவிட்டது, அவர்கள் ஆரோக்கியமானவர்கள். ஆனால் பி.பி இருப்பது தெரியாமலே ஜிம்மில் சேருகிற 30 வயதுக்காரர்கள் நம்மிடையே நிறைய. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கடைசி ரெப்புக்கு முக்குவதற்கு முன்பு ஒருமுறை பி.பி பார்த்துவிடுவது நல்லது. தள்ளும்போது மூச்சை விடுங்கள்.

அப்போ நான் எதைச் செய்யணும்?

2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான கணக்குப்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் இது 57 சதவிகிதம். இந்த நிலைமையில், 'லெக் பிரஸ்ஸாவது செய்கிறேனே' என்பவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சி. அதை எந்த மெஷினில் செய்தாலும் அது செய்யாததைவிட மேல்.

ஆனால் ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ஸ்குவாட் பக்கம்தான். அதற்குப் பெரிய எடையெல்லாம் வேண்டாம். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். அது சுலபமானதும், ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். அது கைவந்த பிறகு பார். 'முட்டி, கால்விரலைத் தாண்டக் கூடாது' என்று யாராவது சொன்னால், நம் ஊரில் குந்தி உட்கார்ந்து நாற்று நட்டவர்களையும் கோலம் போட்டவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாண்டலாம், குதிகால் தரையைவிட்டு எழாமல் இருந்தால் சரி. ஸ்குவாட்டுக்குப் பிறகு, முதுகு களைத்தாலும் காலில் தெம்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத் தீர்க்க லெக் பிரஸ் அருமையான கருவி.

தோள்பட்டையில் காயம் உள்ளவர்கள், பாரைத் தோளில் வைக்கவே முடியாதவர்கள், பேலன்ஸ் இன்னும் வராதவர்கள் லெக் பிரஸ்ஸில் தாராளமாகத் தொடங்கலாம். முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் என்றால் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் கோணம்வரை மட்டும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையும் வேண்டாம், ஜிம் நண்பரின் அட்வைஸும் வேண்டாம்.

வயதானவர்களின் கால் பலத்தைப் பார்க்க மருத்துவ உலகில் ஓர் எளிய சோதனை உண்டு. கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவைச் செய்யச் சொன்னேன். 64 வயது. முதல்முறையே கை தானாக நாற்காலியின் பிடியைத் தேடியது. "கை வைக்காம எந்திரிக்கவா? என்னடா புதுசா சொல்ற?" என்று சிரித்தார். அன்றைக்கு வந்தது ஏழு.

இப்போது வாரத்தில் மூன்று நாள், காலையில் டீ குடிப்பதற்கு முன் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். போன வாரம் போன் செய்து, "பதினொண்ணு வந்துச்சு, நீ எவ்ளோ?" என்று கேட்டார்.