கத்தரிக்கோலும் கறுப்பு வௌவாலும்



லண்டனில் குடும்பத்தோடு வாழும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் ஒக்டோபர் 31ஆம் திகதி ஹலோவீன் நாள். அதற்கு முந்திய வாரங்களில் பிள்ளைகள் கறுப்புக் கடதாசியில் வௌவால், சிலந்தி, ஆந்தை, பேய் என்று வெட்டி ஜன்னல்களில் ஒட்டுவார்கள். அவருடைய ஏழு வயது மகளும் வகுப்பில் பழகி வந்து, வீட்டில் குந்தியிருந்து பன்னிரண்டு வௌவால்கள் வெட்டி ஒட்டியிருக்கிறாள். ஊரிலிருந்து போயிருந்த உம்மம்மா அதைக் கண்டதும் "பேய்க் கொண்டாட்டம் இந்த வீட்டில் வேண்டாம்" என்று அத்தனையையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். பிள்ளை இரண்டு நாளாக உம்மம்மாவோடு பேசவில்லை. கத்தரிக்கோலையும் தொடவில்லை. "நான் யார் பக்கம் பேசுவது?" என்பது சகோதரியின் கேள்வி.

அந்த நாளின் சங்கதியை முதலில் விளங்கிக்கொள்வோம். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் 'சவின்' என்றொரு பண்டிகை பண்டைக் காலத்தில் இருந்தது. கிறிஸ்தவர்கள் நவம்பர் 1ஆம் திகதியைப் புனிதர் அனைவரின் திருநாளாக்கியபோது, அதற்கு முந்திய இரவுக்கு வந்த பெயரே ஹலோவீன். ஐரிஷ் மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பின் அங்கே தாராளமாகக் கிடைத்த பூசணிக்காய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கடதாசி அலங்காரத்தின் கதை வேறு. அது அவ்வளவு பழையதல்ல. மசசூசெட்ஸ் மாநிலத்தில் டெனிசன் என்ற கடதாசிக் கம்பனி 1909இல் ஹலோவீன் அலங்காரங்களை வீட்டில் செய்வது எப்படி என்று சொல்லும் சிறு நூலொன்றை வெளியிட்டது. அவர்கள் விற்றது கிரேப் கடதாசி. பூனையும் வௌவாலும் சூனியக்காரியும் எத்தனை வீட்டுச் சுவரில் ஏறினவோ அத்தனைக்கு அவர்களுடைய கடதாசி விலைபோனது. ஆக, உம்மம்மா கண்டு பதறிய அந்த ஜன்னல் அலங்காரத்தில் பழைய சமயச் சடங்கைவிட வியாபாரமே அதிகம்.

அதற்காக அந்த நாளை நாமும் கொண்டாடலாம் என்று நான் சொல்லவில்லை. அது எமது பெருநாளல்ல. அதைப் பிள்ளைக்கு அமைதியாகச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. ஆனால் கொண்டாட்டம் வேறு, கைவேலை வேறு. உருவங்கள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்றாலும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களில் பலரும் இலகு காட்டியே வந்திருக்கிறார்கள். ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துண்டுத் துணியில் சிறகு வைத்த குதிரையொன்று இருந்ததையும், அதைப் பற்றி விசாரித்த நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். பிள்ளை குனிந்திருந்து செய்த வேலையை அவள் கண்முன்னே கிழித்தால் அவளுக்கு மார்க்கம் விளங்காது. உம்மம்மா கோபக்காரி என்பதுதான் விளங்கும். ஆகவே சகோதரி, உங்கள் உம்மாவைப் பிள்ளைக்கு முன்னால் திருத்தாதீர்கள். தனியே உட்கார்ந்து பேசுங்கள். பிறகு மூவருமாக ஒரு மேசையில் இருந்து வேறொன்றை வெட்டத் தொடங்குங்கள்.

எதை வெட்டுவது? இந்தக் கலை பேய்க்குச் சொந்தமானதல்லவே! துருக்கியில் இதற்கு 'கத்ஈ' என்று பெயர். 'கதஅ', அதாவது வெட்டினான், என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஹிராத் நகரில் வளர்ந்து உதுமானியரிடம் போய்ச் சேர்ந்த கலை இது. 1582இல் சுல்தான் மூன்றாம் முராத் தம் மகனின் சுன்னத்துக் கலியாணத்தை இஸ்தான்பூலில் நடத்தியபோது, கடதாசி வெட்டுவோரின் சங்கமும் வண்ணக் கடதாசிப் பூக்களால் செய்த தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் போனது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்ஸா நகரத்து ஃபஹ்ரீ என்பவர் பூந்தோட்டங்களை வெட்டுவதில் பெயர் பெற்றார். வெட்டியெடுத்த பூவை 'ஆண்' என்றும், பூவின் வடிவில் துவாரம் விழுந்து எஞ்சிய தாளை 'பெண்' என்றும் அவர்கள் அழைத்தார்கள். இரண்டையும் ஒட்டிப் பாதுகாத்தார்கள். எங்கள் வீட்டில் எஞ்சியதைத்தான் முதலில் கூட்டித் தள்ளுகிறோம்.

வௌவால் வெட்டப் பழகிய பிள்ளைக்கு இது கஷ்டமாயிராது. வௌவாலுக்குத் தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் பக்கம் உடல் வரும்படி பாதி உருவத்தைத்தானே வரைகிறார்கள்? பூச்சாடிக்கும் அதே முறைதான்.

எட்டு முனை நட்சத்திரம் வேண்டுமானால், மெல்லிய சதுரத் தாளை இரண்டாகவும் நான்காகவும் மடியுங்கள். தாளின் நடுப்புள்ளி இருக்கும் மூலையைக் கூராக வைத்து முக்கோணமாக மடித்து, அதே மூலையிலிருந்து இன்னொரு தடவையும் மடியுங்கள். இப்போது பதினாறு மடிப்பு. குறுக்கே சரிவாக ஒரே வெட்டு. கூர் மூலைப் பக்கத்துத் துண்டை விரித்துப் பாருங்கள். மடித்த விளிம்புகளில் சின்னச் சின்னதாய்க் கொத்தினால் அதுவே சித்திர வேலையாகிவிடும். விளிம்பு முழுவதையும் வெட்டிவிட்டால் மட்டும் துண்டு துண்டாய் விழும். நான் பிள்ளைகளோடு முயன்றபோது முதல் மூன்றும் அப்படித்தான் விழுந்தன. என் வீட்டாருக்கு ஒரே சிரிப்பு.

கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள். உள்ளே உள்ள துவாரங்களை முதலிலும் வெளி விளிம்பைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். அதுவரை பிடித்துக்கொள்ளத் தாள் இருக்கும். பிள்ளைக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். கண்ணாடியில் ஒட்டக் கோதுமை மாப் பசையே நல்லது, ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம். மெழுகுதிரிக்குக் கிட்டவோ சூடேறும் மின்குமிழைச் சுற்றியோ கடதாசியைத் தொங்கவிடவே வேண்டாம். உள்ளே வெளிச்சம் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், பற்றரியில் எரியும் சின்ன விளக்கொன்றை வாங்கிக் கொடுங்கள்.